வரைபடத்தின் மூலையில் ஒரு வரி

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பயின்றோர் ஒரு செய்தியைக் கவனித்திருப்பர். முதலாம் இராசராச சோழன் அக்கோயிலுக்கு அளித்த பொன்னும் மணியும் இவ்வளவு எடை என்று பொறித்ததோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. பொன், 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள், 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல், 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. அம்மரக்கால் இராசகேசரி மரக்காலோடு ஒத்தது. இவ்வாறு எண்ணைக் கூறும் இடத்திலேயே, அவ்வெண் எந்த அளவையைச் சார்ந்தது என்பதையும் அவர்கள் கூறிச் சென்றனர். பின்னாளில் எவரும் வேறொரு மரக்காலைக் கொண்டுவந்து கோயிலுக்குரிய நெல்லைக் குறைத்து அளந்துவிடலாகாது என்ற எச்சரிக்கை அதனுள் இருந்தது எனலாம்.

இக்கட்டுரை கோயிலைப் பற்றியதன்று, தொழிற்சாலையைப் பற்றியது. பிழைப்புத் தேடி வடக்கேயும் மேற்கேயும் வந்த தமிழர்களுள் கணிசமானோர் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்கள். டிராப்ட்ஸ்மேனாகவும், ஃபிட்டராகவும், டர்னராகவும், இன்ஸ்பெக்டராகவும் நம் முன்னவர்கள் உழைத்த இடங்களில் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது ஒரு நீல அச்சு வரைபடம். அதன் வலக்கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. பொருளின் பெயர், உலோகம், அளவுவிகிதம், வரைந்தவர், சரிபார்த்தவர் என்ற விவரங்களுக்கு அருகே, 'அளவுகளும் டாலரன்சுகளும் இன்ன தரநூலின் இன்ன ஆண்டுப் பதிப்பின்படி' என்று ஒரு சிறு வரி இருக்கும். அல்லது இருக்க வேண்டும். அந்த ஒரு வரி அங்கே வந்து அமர்ந்த வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

கைக்குக் கை பொருத்தம்

தொடக்கத்தில் இத்தகைய வரிக்குத் தேவையே இருந்ததில்லை. ஒரு பூட்டைச் செய்தவனே அதன் சாவியையும் செய்தான். தண்டு பருத்திருந்தால் அரத்தால் தேய்த்தான். துளை சிறுத்திருந்தால் அகற்றினான். அளவு என்பது கைத்தொழிலாளியின் கண்ணிலும் விரலிலும் இருந்தது. ஒரு பூட்டின் உறுப்பு மற்றொரு பூட்டுக்குப் பொருந்தாது; பொருந்த வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த எதிர்பார்ப்பை முதலில் எழுப்பியது போர்க்களம். பிரான்சு நாட்டில் பீரங்கிப் படைத் தளபதி கிரிபோவால் படைக்கலங்களை ஒரே சீராகச் செய்யும் முறையை வகுத்தார். அவருடைய ஆதரவில் ஒனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கிக் கலைஞர், எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துமாறு விசைகளைச் செய்து காட்டினார். 1785-இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமசு ஜெஃபர்சன் அதனை நேரில் கண்டார். ஐம்பது விசைகளுக்கான உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன; கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்ததாகவும், அவை செவ்வனே பொருந்தியதாகவும் அவர் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார்.

அதே காலத்தில் அதே நாட்டில் காஸ்பார் மோன்ஞ் என்னும் கணித அறிஞர், முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தாளில் ஐயமின்றிக் காட்டும் வரைகணித முறையை வகுத்தார். மெசியேர் நகரின் படைப்பொறியியல் பள்ளியில் அது சில காலம் படைத்துறை மறைபொருளாகவே காக்கப்பட்டது. 1795-இல்தான் அவர் அதனைப் பொதுவில் கற்பித்தார். செய்பவனும் வரைபவனும் ஒரே ஆளாக இருந்த நிலை மாறி, ஓர் ஊரில் வரைந்ததை மற்றோர் ஊரில் செய்யலாம் என்ற நிலை இவ்வாறு பிறந்தது. வரைபடம் ஒரு கடிதம் போல ஆயிற்று. கடிதம் என்றால், எழுதுபவனும் படிப்பவனும் ஒரே மொழி அறிந்திருக்க வேண்டுமல்லவா?

மரைகளும் நெருப்பும்

அந்தப் பொதுமொழி உடனே அமைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் போல்ட்டின் மரையைத் தனக்குத் தோன்றியவாறு வெட்டிக்கொண்டிருந்தது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமுடைய ஒரே சீரான மரை முறையை 1841-இல் முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்சு 1864-இல் 60 பாகைக் கோணமுடைய வேறொரு முறையை முன்வைத்தார். இரண்டும் நல்ல முறைகளே, இரண்டும் பரவின. ஆயின் ஒன்றின் நட்டு மற்றதன் போல்ட்டில் ஏறாது. 'அரை அங்குல போல்ட்' என்று மட்டும் எழுதினால் எந்த அரை அங்குலம் என்ற கேள்வி எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் இதனால் பட்ட தொல்லைகளுக்குப் பின்னர்தான், 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த மரைக்கு ஒப்பமிட்டன.

பொருந்தாமையின் விலை என்ன என்பதை 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் கண்டது. நகரின் நடுவே மூண்ட நெருப்பை அணைக்க வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்தவற்றுள் பலவற்றின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் நீர்க்குழாய்களில் பொருந்தவில்லை. ஆட்கள் இருந்தனர், எந்திரங்கள் இருந்தன, நீரும் இருந்தது. மரை மட்டும் வேறாக இருந்தது. ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்த அந்நெருப்பில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

எண்ணிலிருந்து எல்லைக்கு

மரைக்கு ஒரு தரம் வகுத்தால் போதுமா? போதாது. எந்த எந்திரமும் எந்த மனிதனும் ஓர் அளவை அப்படியே செய்துவிட முடியாது. 20 மில்லிமீட்டர் தண்டு என்று எழுதினால், கைக்கு வருவது 19.98-ஆகவோ 20.01-ஆகவோ இருக்கும். ஆகவே, 'இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, இவ்வளவுக்குக் கீழ் குறையக்கூடாது' என்று இரு எல்லைகளை வகுக்க வேண்டியதாயிற்று. அந்த இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள இசைவையே பட்டறையில் 'டாலரன்ஸ்' என்கிறோம். மனிதக் கை பிழைபடும் என்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று முன்கூட்டியே உடன்படுவது அது. பொறுத்தல் என்னும் பொருளுடைய சொல்லையே ஆங்கிலேயரும் அதற்கு வைத்தது பொருத்தமே.

இந்த எல்லைகளைச் சோதிக்க 'புகும் காஜ்', 'புகாக் காஜ்' என்ற இரட்டைக் கருவிகள் வந்தன. லெஸ்டர் நகரின் வில்லியம் டெய்லர் 1905-இல் இவற்றுக்கு ஒரு நெறி வகுத்தார். புகும் காஜ் பொருளின் முழு வடிவத்தையும் ஒருங்கே சோதிக்க வேண்டும். புகாக் காஜ் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் எஃகு அளவுக்கட்டைகளைச் செய்தார். 102 கட்டைகள் கொண்ட ஒரு தொகுதியால் ஆயிரக்கணக்கான அளவுகளை அமைக்க முடிந்தது.

அளவு நுட்பமாக நுட்பமாக, முன்பு எவரும் எழுதத் தேவையில்லாதிருந்தவற்றை எல்லாம் எழுத வேண்டி வந்தது. வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள எஃகுத் தண்டு ஒரு பாகை வெப்பம் கூடினால் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீளும். 20 பாகையில் சரியாக இருந்த அத்தண்டு, நம் ஊர்க் கோடையின் 35 பாகையில் 0.17 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஐரோப்பாவில் ஒருவர் குளிரில் அளந்து ஏற்ற பொருளை இங்கு ஒருவர் வெயிலில் அளந்து ஒதுக்கினால் இருவருமே நேர்மையானவர்கள்தாம். இச்சிக்கலைத் தீர்க்கவே 1931-இல், எல்லா நீள அளவுகளும் 20 பாகை செல்சியசில் எடுத்தவையாகக் கொள்ளப்படும் என்று பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டது. பன்னாட்டுத் தர அமைப்பின் முதலாம் எண் தரம் இன்றும் அதுவே. ஒவ்வொரு வரைபடத்திலும் வெப்பநிலையை எழுத வேண்டியதில்லை. தரநூலைச் சுட்டினால் அதனுள் வெப்பநிலையும் அடங்கிவிடும். தரநூலின் பயன் இதிலிருந்தே விளங்கும். ஆயிரம் விளக்கங்களை ஒரு வரி தாங்குகிறது.

வரைபடத்துக்கே உரிய தரநூல்களுள் முன்னோடியாகப் பிரிட்டனில் 1927-இல் வெளிவந்தது 'பி.எஸ். 308'. அது 14 பக்கங்களே கொண்ட சிறு நூல். அமெரிக்காவில் 1935-இல் அத்தகைய ஒன்று வந்தது. பின்னர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டிரியா என்னும் ஊரில் இருந்த அரச டார்பிடோத் தொழிற்சாலையில் ஸ்டான்லி பார்க்கர் என்பவர் ஒரு விந்தையைக் கவனித்தார். சோதனையில் ஒதுக்கப்பட்ட உறுப்புகள் பூட்டிப் பார்த்தால் நன்றாகவே பொருந்தின. ஏன்?

ஒரு துளையின் நடு, குறித்த இடத்திலிருந்து நெடுக்கிலும் குறுக்கிலும் கூட்டல் கழித்தல் 0.1 விலகலாம் என்று எழுதினால், இசைவுக்குரிய இடம் ஒரு சதுரமாகிறது. சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 0.141 தொலைவில் இருக்கிறது. மூலைத் திசையில் 0.141 வரை பொறுக்கலாம் என்றால், நேர்த் திசையில் மட்டும் 0.1-க்கு மேல் ஏன் பொறுக்கக்கூடாது? போல்ட்டுக்குத் திசை தெரியாதே! ஆகவே சதுரத்தை விட்டு, அதனைச் சூழும் வட்டத்தை எல்லையாகக் கொண்டார் பார்க்கர். அவ்வட்டத்தின் பரப்பு சதுரத்தினும் 57 விழுக்காடு மிகுதி. அதாவது, நல்ல பொருள்களைக் குப்பையில் எறிவது அந்த அளவுக்குக் குறையும். 1938-இல் தோன்றிய இக்கருத்து 1940-இல் நூலாயிற்று. வடிவ டாலரன்ஸ் என்று இன்று பொறியியல் கல்லூரிகளில் பயிலும் முறைக்கு வித்து இதுவே.

ஒரே நூல், மூன்று பொருள்

போர் முடிந்தபின் தரங்களின் காலம் தொடங்கியது. 1946 அக்டோபரில் 25 நாடுகளின் பேராளர்கள் இலண்டனில் கூடினர். 1947 பிப்ரவரி 23-இல் பன்னாட்டுத் தர அமைப்பு செயற்படத் தொடங்கியது. இந்தியாவும் தோற்றுவித்த நாடுகளுள் ஒன்று. அமெரிக்காவில் 1957-இல் 'ஒய் 14.5' என்னும் தரநூல் வந்தது. அது 1966, 1973, 1982, 1994, 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்திப் பதிப்பிக்கப்பட்டது.

இங்குதான் அந்த மூலை வரியில் தரநூலின் பெயர் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும் என்பதற்கான காரணம் வெளிப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தகட்டில் 10.0 முதல் 10.2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துளை. அதன் இடத்துக்கு 0.1 விட்டமுள்ள வட்டம் டாலரன்ஸ். வேறு குறியீடு ஒன்றும் இல்லை. தொழிலாளி 10.2-ஆகத் துளையிட்டார், துளையின் நடு 0.25 விட்ட வட்டத்துக்குள் விழுந்தது. இது ஏற்கத்தக்கதா?

1973-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஏற்கத்தக்கது. குறியீடு இல்லாவிடினும், துளை மிகச் சிறுத்திருக்கும் நிலைக்கே 0.1 என்று அப்பதிப்பு கொண்டது. துளை பெருத்தால், பெருத்த அளவு இடவிலகலிலும் சலுகையாகச் சேரும். துளை 0.2 பெருத்திருப்பதால் 0.3 வரை பொறுக்கலாம். 1982-ஆம் ஆண்டுப் பதிப்போ, இச்சலுகை உண்டா இல்லையா என்பதைக் குறியீட்டால் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்றது. சொல்லாவிடில் வரைபடமே குறையுடையது. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு, குறியீடு இல்லையேல் சலுகையும் இல்லை என்றது. அதன்படி அத்தகடு குப்பைக்குரியது.

தாள் ஒன்று, கோடுகள் ஒன்று, எண்கள் ஒன்று. மூன்று பதிப்புகளில் மூன்று தீர்ப்புகள்! எந்தத் தீர்ப்பு நியாயமானது என்பதை மூலையில் உள்ள ஆண்டு ஒன்றே கூறும். ஆகவேதான், இத்தரநூலைச் சார்ந்து வரையப்படும் ஒவ்வொரு வரைபடமும் அதனைப் பதிப்பு ஆண்டுடன் சுட்ட வேண்டும் என்று அந்நூலே விதிக்கிறது. புதுப்பதிப்பு வந்துவிட்டது என்பதனால் பழைய வரைபடத்தின் பொருள் மாறிவிடுவதில்லை. அது தான் சுட்டிய பதிப்பின்படியே படிக்கப்பட வேண்டும்.

நாட்டுக்கு நாடு அடிப்படைக் கொள்கையும் வேறுபடுவதுண்டு. 20 மில்லிமீட்டரை மேல் எல்லையாகக் கொண்ட தண்டு சரியாக 20-ஆக இருந்தால், அது துளியும் வளையாமல் நேராக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க முறை. டெய்லரின் நெறியிலிருந்து கிளைத்தது. 1985-இல் வந்த 'ஐ.எஸ்.ஓ. 8015' என்னும் பன்னாட்டுத் தரமோ, அளவு வேறு, வடிவம் வேறு, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க என்றது. அதன்படி 20-ஆக உள்ள தண்டு, வடிவத்துக்கு விதித்த எல்லைக்குள் சற்று வளைந்தும் இருக்கலாம். அந்நெறியைக் கைக்கொள்வோர் வரைபடத்தில் அதன் பெயரைக் குறிக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறியது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்போ, அத்தொகுதியைச் சேர்ந்த எந்த ஒரு பன்னாட்டுத் தரத்தைக் கையாண்டாலும் தொகுதி முழுவதுமே கையாளப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று மாற்றிவிட்டது. வாய் திறவாமலே உடன்பட்டவர்களாகிவிடுகிறோம்!

நம் நாட்டில்

இந்தியத் தர நிர்ணயக் கழகம், நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்னதாக, 1947 ஜனவரி 6-இல் தோன்றியது. லால் சந்த் வர்மன் அதன் முதல் இயக்குநர். அது முதலாம் எண் கொடுத்துத் தரம் வகுத்த பொருள் நம் தேசியக் கொடி. 1987 ஏப்ரல் 1 முதல் அக்கழகம் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது.

நம் நாட்டுத் தொழில் வளர்ந்த விதம் வரைபடத்தைப் பெரும் சிக்கலாக்கியது. பெங்களூரின் எச்.எம்.டி. 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் 1955-இல் சுவிசு நாட்டுத் துணையோடு எழுந்தது. ஜாம்ஷெட்பூரின் டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்சோடு கூட்டுச் சேர்ந்தது. 1959-இல் முதல் ஊதுலைகளை ஏற்றிய மூன்று எஃகு ஆலைகளுள் பிலாய் சோவியத்து உதவியாலும், ரூர்கேலா மேற்கு ஜெர்மனி உதவியாலும், துர்க்காப்பூர் பிரிட்டன் உதவியாலும் அமைந்தவை. போபாலின் கனரக மின்சாதனத் தொழிற்சாலைக்குப் பிரிட்டனும், அரித்துவாருக்குச் சோவியத்தும், திருச்சி கொதிகலன் ஆலைக்குச் செக்கோஸ்லோவாக்கியாவும் துணை நின்றன. எந்திரங்களோடு கப்பல் கப்பலாக வரைபடங்களும் வந்தன. அங்குலமும் மில்லிமீட்டரும் வந்தன. பல நாட்டுத் தர எண்கள் வந்தன. அவற்றைப் படிக்க நம்மவர்கள் கற்றுக்கொண்டனர்.

அச்சிக்கல்களுள் தலையாயது பொருளின் தோற்றங்களைத் தாளில் எந்த இடத்தில் வைப்பது என்பது. முதற்கோண முறையில், இடப்புறத்திலிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைவர். மூன்றாங்கோண முறையில், இடப்புறத் தோற்றத்தை இடப்புறமே வரைவர். ஐரோப்பா முதல் முறையையும் அமெரிக்கா மற்றதையும் பெரும்பாலும் கைக்கொண்டன. இந்தியாவின் 'ஐ.எஸ். 696' என்னும் தரநூலின் கதையைக் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கோணத்தைப் பரிந்துரைத்தது. 1960-ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்றாங்கோணத்துக்கு மாறியது. 1972-ஆம் ஆண்டுப் பதிப்பு, எதை வேண்டுமாயினும் கொள்க என்று பயன்படுத்துவோரிடமே விட்டுவிட்டது. அதனால் எழுந்த குழப்பத்தைக் கண்டு, 1988-இல் வெளிவந்த 'எஸ்.பி. 46' மீண்டும் முதற்கோணத்துக்கே திரும்பியது. 33 ஆண்டுகளில் ஒரு வட்டம் சுற்றி முடிந்தது.

இவ்வட்டத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

நான் விட்ட வரி

1970-களின் நடுவில், வடநாட்டில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இளநிலை டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஐரோப்பியக் கூட்டாளிகள் அனுப்பிய தாள்களை எங்கள் தொழிற்சாலைத் தாளில் இந்திய மையால் படியெடுப்பது என் பணி. ஒரு நாள் ஒரு வார்ப்பு உறுப்பின் வரைபடம் வந்தது. அதன் ஒரு பக்கத்தில் எண்ணெய்க் குழாய்க்காக மறுபுறம் ஊடுருவாத துளைகள் இடவேண்டும். மூலத்தின் மூலையில் அயல்மொழியில் ஒரு தரநூலின் எண்ணும், முதற்கோணத்தைக் குறிக்கும் சிறு கூம்புக் குறியும் இருந்தன. எங்கள் தாளின் பெயர்க்கட்டத்தில் அதற்கென இடம் இல்லை. அயல்மொழி வரி நமக்கெதற்கு என்று எண்ணி இரண்டையும் விட்டுவிட்டேன். முன்தோற்றத்தில் இருந்த மறைகோடுகளையும், படம் தெளிவாக இருக்கட்டும் என்று குறைத்துவிட்டேன். கோடுகள் அழகாக இருந்தன. எண்கள் ஒன்றும் பிழையில்லை. சரிபார்த்தவரும் எண்களை மட்டுமே சரிபார்த்தார்.

பட்டறையினரோ 1960-ஆம் ஆண்டு முறையில் பழகியவர்கள். வலப்புறம் இருந்த தோற்றத்தை வலப்புறத் தோற்றமாகவே கொண்டனர். துளைகள் எதிர்ப்பக்கத்தில் விழுந்தன. ஒரு தொகுதி வார்ப்பு முழுவதும் வீணாயிற்று.

குற்றம் துளையிட்டவர் தலையில் விழுந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; தமிழர்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. இழப்பில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக மெமோ வந்தது. மகள் திருமணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் மூலத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கூம்புக் குறி என்னைப் பார்த்தது. இரண்டு நாள் வாய் திறவாமல் இருந்தேன் என்பதை இன்றும் நாணத்தோடு எழுதுகிறேன். மூன்றாம் நாள் மூலத் தாளையும் என் தாளையும் எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குச் சென்றேன். மெமோ திரும்பப் பெறப்பட்டது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது.

அன்று மாலை அண்ணாச்சியின் குடியிருப்புக்குச் சென்றேன். அவர் சினக்கவில்லை. காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க எண்ணைத் தப்பாப் போடலை. எந்தப் பக்கம் நின்னு பார்க்கணும்னு சொல்லாம விட்டுட்டீங்க. அவ்வளவுதான்."

தரநூல்கள் பற்றிப் பின்னாளில் நான் படித்த நூல்கள் பல. அவற்றுள் எதுவும் அவர் சொன்னதினும் தெளிவாகச் சொன்னதில்லை.

பதிப்பும் வரிசையும்

இலக்கிய அன்பர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துள் குறள்கள் நிற்கும் வரிசை, மணக்குடவர் உரையில் ஒருவாறும் பரிமேலழகர் உரையில் வேறொருவாறும் பல இடங்களில் அமைந்துள்ளது. இன்று நாம் வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் வரிசையைப் பின்பற்றியவை. வேறு வரிசையில் அமைந்த பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் கொண்டு தேடினால் வேறு குறளே கிடைக்கும். மேற்கோள் காட்டுவோர் உரையையும் பதிப்பையும் சுட்டுவது இதனால்தான். உரையாசிரியன் பெயரைக் கூறாமல் ஒரு நூற்பாவுக்குப் பொருள் கூறுவது எத்துணைக் குழப்பம் தருமோ, அத்துணைக் குழப்பம் தருவது தரநூலைக் கூறாமல் ஓர் அளவை எழுதுவது.

இன்னொரு காரணமும் உண்டு. வரைபடங்கள் அவற்றை வரைந்தவரினும் நெடுநாள் வாழ்பவை. ஒரு கொதிகலனோ ரயில்பெட்டியோ பல பத்தாண்டுகள் ஓடும். அதன் மாற்று உறுப்பைச் செய்ய வேண்டிய நாளில் வரைந்தவர் ஓய்வு பெற்றிருப்பார், மறைந்தும் இருப்பார். சரிபார்த்தவரைத் தேடிக் கேட்க முடியாது. கேட்கப்படாத கேள்விக்கு விடையாக எஞ்சி நிற்பது அந்த மூலை வரி ஒன்றே.

இன்று டிராயிங் பலகையும் டீ ஸ்கொயரும் பரணுக்குச் சென்றுவிட்டன. பிரிட்டனின் பி.எஸ். 308, 2000-ஆம் ஆண்டில் பி.எஸ். 8888-க்கு இடம் கொடுத்தது. தாளே இன்றிக் கணிப்பொறியின் முப்பரிமாண உருவத்திலேயே அளவுகளைப் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2003-இலும் பன்னாட்டு அளவில் 2006-இலும் தனித் தரநூல்கள் வந்துவிட்டன. ஆயினும் எந்தத் தரநூல், எந்த ஆண்டு என்ற கேள்வி மறையவில்லை. கணிப்பொறி கோடுகளைப் பிழையின்றி இழுக்கும். அக்கோடுகளை எந்த உடன்பாட்டின்படி படிக்க வேண்டும் என்பதை மனிதர்தாம் தேர்ந்து எழுத வேண்டும்.

நம் குடும்பங்களில் பொறியியல் பயிலும் பிள்ளைகள் பலர் உள்ளனர். தரநூல் என்றால் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எண் என்றே அவர்களுள் பலர் கருதுகின்றனர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. அந்த வரியை எழுத அரை நிமிடம் போதும். அதை எழுதாமல் விட்டால் வரும் இழப்பு வரைந்தவனுக்கு வருவதில்லை. தாளை நம்பி எந்திரத்தின் முன் நிற்கும் ஒருவருக்கு வரும். அவர் முகத்தை நாம் பார்த்திருக்கமாட்டோம். அவருக்கும் ஒரு மகள் திருமணம் இருக்கக்கூடும்.

அண்ணாச்சி பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அதன்பின் பல ஆண்டுகள் வரைபடங்களில் கையொப்பமிடும் பொறுப்பு எனக்கு வந்தது. எத்தனை அவசரமாயினும், முதலில் வலக்கீழ் மூலையைப் பார்த்த பின்னரே படத்தைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று.